கந்தூரி: ஒரு விரிப்பின் பயணம்

இலங்கையின் கல்முனையில் யாரும் "கந்தூரி விழாவுக்குப் போறம்" என்று சொல்வதில்லை. "கடற்கரைப் பள்ளிக் கொடிக்குப் போறம்" என்பதுதான் பேச்சு. ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்ததும் பெரிய பள்ளியிலிருந்து கொடி ஊர்வலமாகக் கடற்கரைக்குப் போகும். மினாராக்களில் அது பன்னிரண்டு நாள் பறக்கும். கடைசி நாள் கிடாரத்தில் வெந்து பகிரப்படுகிற சோறுதான் அங்கே கந்தூரி. நாகூரிலோ விழா முழுவதற்கும் அதே பெயர். இரண்டும் ஒரே ஆண்டகை ஷாகுல் ஹமீதுக்குத்தான், மாதமும் ஒன்றுதான். ஆனால் சொல்லின் பொருள் மட்டும் இரு கரையிலும் ஒன்றாக இல்லை.

இவற்றுள் எது மூத்தது? பாரசீகத்தில் கந்தூரி என்பது உணவு பரிமாறத் தரையில் விரிக்கும் தோல் அல்லது துணி. தக்காணத்துக்கு வந்தபோது அது பாத்திமா நாயகியின் பெயரால் படைக்கும் விருந்தாகியிருந்தது. விரிப்பு எப்படி விருந்தாகும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. "இலை போட்டாச்சா?" என்று கேட்கும்போது நாம் இலையைப் பற்றியா கேட்கிறோம்? கல்முனைக் கலியாண வீட்டில் "எத்தனை சஹன்?" என்பதும் இந்த வகைதான். அரபியில் சஹன் தட்டு. இங்கே ஐந்தாறு பேர் வட்டமாக அமர்ந்து உண்ணும் ஒரு பந்தி. ஆகவே சோற்றோடு நின்றுவிட்ட கல்முனை வழக்கே மூலத்துக்கு நெருக்கம் என்பேன். சொல்லை விழாவாக வளர்த்தது நாகூர்.

வளர்த்ததற்குக் காரணம் கடல். பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து அடங்கிய ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் மாலுமிகளின் காவலராக அறியப்பட்டவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரையிலிருந்தே கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது கதை. நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு வரும் கொடி ஊர்வலத்தில் இன்றும் கப்பல் வடிவ ரதங்கள் உண்டு. வங்கக் கடலைக் கடந்த மரக்காயர்கள் போன துறைகள் சிலவற்றில் அவர் பெயரில் நினைவிடம் எழுப்பினார்கள். உடல் இருப்பது நாகூரில் மட்டுமே.

கல்முனையில் இருநூறாவது கொடி ஏறியது 2022 ஜனவரியில். இது ஹிஜ்ரிக் கணக்கு. எண்ணிக்கை இடையில் முறியவில்லை என்று கொண்டு பின்னோக்கி எண்ணினால் ஹிஜ்ரி 1244, அதாவது 1828 டிசம்பர் வருகிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியின் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

சொல் இன்னும் கிழக்கே போயிருக்கிறது. மலாயில் 'கெண்டுரி' எந்த நல்லது கெட்டதற்கும் வைக்கிற விருந்து. சுமாத்திராவின் வட முனையான அச்சேயில் 'கந்துரி லாவோத்' உண்டு. லாவோத் என்றால் கடல். மீனவர் தலைவரான பங்லிமா லாவோத் முன்னின்று நடத்துவார். எருமை அறுத்து ஊரே உண்ணும். குறித்த நாள்களுக்கு யாரும் கடலில் இறங்கக்கூடாது. நாகூரும் கல்முனையும் கடலைக் காப்பவருக்கு நன்றி சொல்ல, அச்சே நேரே கடலின் பெயரிலேயே பந்தி வைக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கிளம்பியது அந்த அச்சேக்கு அருகிலிருந்துதான். இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; கல்முனைக் கரை அதில் பெரும் பங்கைக் கொடுத்தது. அச்சே மீனவர்கள் அன்றிலிருந்து டிசம்பர் 26ஐயும் கடலில் இறங்காத நாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். கல்முனை அப்படி நாள் குறிக்கவில்லை. ஆனால் அதே 2022இல் பிறைக் கணக்கு அடுத்த கொடியை டிசம்பர் கடைசி வாரத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் சுனாமி நினைவு நாளும் விழுந்தது.

கடலுக்கான நாள் இப்படிப் பருவம் மாறி நகரும் சிக்கல் ஜப்பானியருக்கு இல்லை. 1876இல் பேரரசர் மெய்ஜி கப்பலில் யோக்கோஹாமா திரும்பியதை ஒட்டிய அவர்களுடைய கடல் நாள், ஜூலை மாத மூன்றாம் திங்கட்கிழமையில் வருகிறது. துறைமுக நகரங்கள் நல்ல வெயிலில் கொண்டாடுகின்றன. கல்முனைக் கொடியோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. சில ஆண்டுகளாக மாரியில் மாட்டிக்கொண்டு, கடல் அடிக்க, வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் தறப்பாளுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. 2036 அளவில் கொடி ஜூலைக்கு வந்துவிடும். கரைவலைக்காலமும் அதுதான், வலைக்காரர் கையில் காசு புழங்கும், கடைக்காரர் தறப்பாளை மடித்து வைக்கலாம்.