காத்துக்கு ஒரு பாஸ்புக்

நாகர்கோவில்லேருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போனவங்களுக்கு இந்த இடம் கண்டிப்பா தெரியும். ஆரல்வாய்மொழி தாண்டுனதும் காத்து முகத்துல அறையும். ரெண்டு பக்கமும் காத்தாடி. எத்தனை படப் பாட்டுல பார்த்திருப்போம்! ஊர் பேரு முப்பந்தல். சேர, சோழ, பாண்டியர் மூணு பேருக்கும் இங்கே பந்தல் போட்டாங்க, அதான் பேருன்னு ஒரு கதை இருக்கு. அது கதை. நாம இன்னைக்குப் பேசப்போற மூணு தரப்பு வேற: நூல்மில் முதலாளி, மின்வாரியம், அப்புறம் காத்து.

இப்போ பெரிய கம்பெனிகளோட ஆண்டறிக்கையைத் திறந்தா ‘நாங்கள் 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குகிறோம்’னு ஒரு வரி இருக்கும். 2014-ல் ஆர்இ100-ன்னு ஒரு உலகளாவிய கூட்டு ஆரம்பமானதுக்கு அப்புறம் இந்த வரி ஃபேஷன் ஆயிடுச்சு. வருஷம் பூரா எவ்வளவு யூனிட் செலவு பண்ணாங்களோ, அவ்வளவு யூனிட் பசுமை மின்சாரம் எங்கேயோ உற்பத்தி ஆகியிருக்கணும், அதுக்குக் கணக்கு காட்டணும், அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கண்டுபிடிச்சது ஏதோ கலிஃபோர்னியா கம்பெனின்னு நினைச்சிக்கிறோம். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில் அக்கவுன்டன்ட் ஒருத்தர் கிட்ட கேட்டுப்பாருங்க. ‘இதை நாங்க தொண்ணூறுகள்லேயே பண்ணிட்டோமே தம்பி’ன்னு சொல்வார்.

கொஞ்சம் பின்னாடி போவோம். கோயம்புத்தூருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு 1932-ல் தொடங்குது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பிச்ச வருஷம் அது. கட்டினது சென்னை மாகாண அரசோட மின்சாரத் துறை. அதுக்கு முன்னாடியே கோவையில் மில்கள் உண்டு, 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கின மில் மாதிரி. ஆனா மலையிலிருந்து கம்பியில் மலிவான கரன்ட் இறங்கினதுக்கு அப்புறம்தான் முப்பதுகளில் மில்கள் மளமளன்னு முளைச்சது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அதாவது இந்த ஊரோட தொழிலே, மின்சாரம் கொடுக்கிறவங்க எடுத்த ஒரு முடிவோட பிள்ளை. 1957-ல் மின்வாரியம் அமைஞ்சப்போ அந்த உறவு வாரியத்துக்கு வந்து சேர்ந்தது.

அம்பது வருஷத்துல நிலைமை தலைகீழ். எண்பதுகளில் மின்பற்றாக்குறை. நூற்பாலைக்கு மின்சாரச் செலவு மிகப்பெரிய செலவுகளில் ஒண்ணு. கதிர் நின்னா நூல் அறுந்துடும், மறுபடி ஓட்டறதுக்குள்ள நேரமும் பஞ்சும் வீண்.

இந்த நேரத்துல ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்த இயற்பியலாளர், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றியவர். இந்தியாவுல எங்கெங்கே எவ்வளவு காத்து வீசுதுன்னு தரவுகளைத் திரட்டி 1983-ல் ஒரு புத்தகமாவே கொண்டுவந்தார். காத்து வீசுதுன்னு ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். ஆனா பேங்க் மேனேஜருக்கு எண் வேணும் இல்லையா? எந்த மாசம், எந்த உயரத்துல, எவ்வளவு வேகம். அந்த எண்கள் இல்லாம முப்பந்தல்ல ஒரு காத்தாடிக்குக் கடன் கிடைச்சிருக்காது. தமிழ்நாட்டுக்காரங்க அதிகம் பேசாத பேரு இது. பேசணும்.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் சோதனைக் காற்றாலைகள் நட்டாங்க. நாட்டுல அந்த வருஷம் சில இடங்கள்லதான் அதைச் செஞ்சாங்க. ஒவ்வொரு மெஷினும் வெறும் 55 கிலோவாட். இப்போ வர்ற மெஷின்கள் 3,000 கிலோவாட்டைத் தொடுது. அடுத்து டென்மார்க் அரசோட உதவியில் முப்பந்தலிலும் கயத்தாறிலும் கொஞ்சம் பெரிய பண்ணைகள் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடுன்னு கணவாய்கள் இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கு வழியா நுழையும்போது வேகம் கூடும். மே முதல் செப்டம்பர் வரை விளாசும். அப்புறம் அடங்கிடும்.

பிரச்சினையும் அங்கேதான். மில் வருஷம் பூரா ஓடும், காத்து அஞ்சு மாசம்தான். அதோட காத்து இருக்கிறது கன்னியாகுமரி பக்கம், மில் இருக்கிறது கோயம்புத்தூர்ல.

மின்வாரியம் ரெண்டு வழி திறந்துவிட்டது. ஒண்ணு வீலிங். முப்பந்தல்ல உன் காத்தாடி கொடுக்கிற கரன்ட்டை என் கம்பியில விடு, கோயம்புத்தூர்ல உன் மில்லுல எடுத்துக்க, கொஞ்சம் கூலி கொடு. இன்னொண்ணு, நம்ம தலைப்புக்குக் காரணமான விஷயம், பேங்கிங். ஜூலையில உனக்குத் தேவைக்கு மேல யூனிட் வந்தா என் கணக்குல போட்டு வை. ஜனவரியில காத்து இல்லாதப்போ எடுத்துக்க. ஏப்ரல் 1-லிருந்து மார்ச் 31 வரை ஒரு கணக்கு வருஷம். 2006-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி வீலிங்குக்கு 5 சதவீதம், பேங்கிங்குக்கு 5 சதவீதம். நூறு யூனிட் போட்டா ஏறக்குறைய தொண்ணூறு திரும்பி வரும். எந்த பேட்டரியும் இல்லை, எந்தக் கிடங்கும் இல்லை. ஒரு லெட்ஜர் மட்டும்தான்.

மில்காரங்க ஓடி ஓடி காத்தாடி வாங்கினாங்க. சுற்றுச்சூழல் பாசத்துலயா? சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் இல்லை. வருமான வரியில காத்தாடியோட மொத்த விலையையும் முதல் வருஷமே தேய்மானமா கழிச்சுக்கலாம்னு மத்திய அரசு சலுகை கொடுத்திருந்தது. லாபம் பார்த்த வருஷம் ஒரு காத்தாடி வாங்கினா வரி மிச்சம். அதனால நிதியாண்டு முடியறதுக்குள்ள எப்படியாவது நட்டு ஓடவிட்டுடணும்னு பரபரப்பா இருக்கும். நட்டதுக்குத்தான் சலுகை, ஓடினதுக்கு இல்லை. இந்தக் கோணல் புரிஞ்சு, உற்பத்தியாகிற யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகைன்னு மத்திய அரசு அறிவிக்க 2009 கடைசி ஆயிடுச்சு.

காரணம் எதுவா இருந்தா என்ன, காத்தாடி சுத்துது, அந்த அளவுக்கு நிலக்கரி எரியலைன்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா இந்தக் கணக்குல இன்னொரு பக்கம் இருக்கு.

நெல்லை வெச்சு யோசிங்க. அறுவடை நேரத்துல, விலை தரைதட்டிக் கிடக்கிறப்போ, பக்கத்து வீட்டுல ஒரு மூட்டை நெல் கொடுத்து வைக்கிறீங்க. ஆறு மாசம் கழிச்சு, நெல் கிடைக்காத நேரத்துல போய் ‘என் மூட்டையைக் கொடுங்க’ன்னு கேட்கறீங்க. உங்களுக்கு மூட்டைக்கு மூட்டை சரி. அவங்களுக்கு? நீங்க கொடுத்த நெல் அன்னைக்கே சோறாயிடுச்சு. இப்போ அவங்க கடையில கூடுதல் விலைக்கு வாங்கித்தான் உங்களுக்குத் தரணும். மின்வாரியம் அந்தப் பக்கத்து வீடு.

அதுமட்டுமில்லை. உயரழுத்த இணைப்பு வெச்சிருக்கிற மில்கள்தான் வாரியத்துக்கு நல்ல விலை கொடுக்கிற வாடிக்கையாளர்கள். அந்த வருமானத்துல இருந்துதான் வீடுகளுக்கும் விவசாயத்துக்கும் குறைஞ்ச விலைக் கரன்ட்டோட சுமையில ஒரு பங்கு ஈடுகட்டப்படுது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மில் தன்னோட சொந்தக் காத்துக்குப் போகப் போக, அந்தப் பங்கு சுருங்குது. அரசு மானியம் கொடுக்குது, இருந்தாலும் வாரியத்தோட கடன் ஏறிக்கிட்டேதான் போச்சு. ஆக, ஒரு மில்லோட ‘பசுமை’க்குப் பின்னாடி இருக்கிற செலவுல ஒரு பங்கு, அந்த மில்லை எட்டிக்கூடப் பார்க்காதவங்க தலையில விழுந்தது. நான் காத்தாடிக்கு எதிரி இல்லை. ஆனா இதைச் சொல்லாம இந்த வரலாறு முழுசாகாது.

அப்புறம் வந்தது 2008. மின்வெட்டு வருஷங்கள். அப்போ ஸ்கூல் படிச்சவங்க மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஹோம்வொர்க் பண்ண கதை வெச்சிருப்பீங்க. உயரழுத்த ஆலைகளுக்கும் கட்டுப்பாடு போட்டாங்க. காத்தாடி வெச்சிருந்த மில் ஓரளவு தாக்குப்பிடிச்சது. இல்லாதவங்க டீசல் ஜெனரேட்டருக்குப் போனாங்க. சோமனூர் விசைத்தறிக்காரர், கோவையில் பம்ப் பாகம் கடையற சின்ன பட்டறைக்காரர், இவங்களுக்கு பேங்கிங் கணக்கும் இல்லை, ஜெனரேட்டருக்குக் காசும் இல்லை. பாஸ்புக் இருந்தது பெரியவங்க கையில மட்டும்தான்.

இதே வருஷங்கள்ல வேடிக்கை என்னன்னா, தெற்கே காத்து சீசன்ல காத்தாடிகளை நிறுத்தச் சொன்னாங்க. கரன்ட்டை வடக்கே கொண்டுபோக லைன் பத்தலை. ஒரு பக்கம் இருட்டு, இன்னொரு பக்கம் காத்து வீண். வாரியத்துக்கே கரன்ட் வித்தவங்களுக்குப் பணம் வர மாசக்கணக்கா, சில பேருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு.

திருப்பூர் பக்கம் இன்னொரு முடிச்சு. நொய்யல் சாயக்கழிவால நாசமாகி, 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுல சாயப்பட்டறைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். ஒரு சொட்டு கழிவுநீரும் வெளியே விடக்கூடாதுன்னு நிபந்தனை. சரியான நிபந்தனை. ஆனா அதுக்கு சாயத்தண்ணியை சவ்வு வழியா அழுத்திப் பிழியணும், மிச்சத்தைக் காய்ச்சி வத்தவைக்கணும். எல்லாம் கரன்ட். ஆத்தைக் காப்பாத்த மின்சாரம் எரியுது. அந்த மின்சாரம் நிலக்கரியில வந்தா, கறை ஆத்துலேருந்து வானத்துக்கு மாறுது, அவ்வளவுதான். அதனால காத்தும் சூரியனும் திருப்பூருக்கு வெறும் பில் குறைக்கிற விஷயமா இல்லாம போச்சு. வெளிநாட்டு பிராண்டுகளும் ‘என் டிஷர்ட்டுக்கு எந்தக் கரன்ட்?’னு கேட்க ஆரம்பிச்சாங்க.

சின்னவங்களுக்குக் கதவு திறந்தது ரொம்ப லேட்டா. 2003 மின்சாரச் சட்டத்துக்கு அப்புறம், 2005 விதிகள்படி, பல கம்பெனிகள் சேர்ந்து 26 சதவீத பங்கு வெச்சு, உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்தினா அது சொந்த மின்நிலையமா கணக்காகும். 2022-ல் வந்த மத்திய விதிகள், பசுமை மின்சாரம் நேரடியா வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவை 1,000 கிலோவாட்லேருந்து 100-ஆ குறைச்சது. காத்தாடியே வாங்க முடியாதவங்களுக்கு இன்னொரு வழி பசுமைக் கட்டணம். மகாராஷ்டிரத்தில் 2021-ல் யூனிட்டுக்கு 66 பைசா கூடுதலா கொடுத்தா பசுமை மின்சாரம்னு சான்று தர்ற ஏற்பாடு வந்தது. எனக்கு இதுதான் நேர்மையா படுது. எவ்வளவு கூடுதல், யார் கொடுக்கிறாங்கன்னு பில்லுலேயே தெரியும்.

2018-ல் தமிழ்நாடு ஆணையம் பழைய மெஷின்களுக்கு பேங்கிங் கட்டணத்தை ஏத்தி, புது மெஷின்களுக்கு வருஷக் கணக்கு பேங்கிங் கிடையாதுன்னு உத்தரவு போட்டது. அது வழக்குக்குப் போச்சு. மில்காரங்க சொன்னது: நாங்க காசு போட்டு நட்டதாலதான் மாநிலத்துக்கு இவ்வளவு காத்தாடி. உண்மை. வாரியம் சொன்னது: ஜூலை யூனிட்டும் ஜனவரி யூனிட்டும் ஒண்ணு இல்லை. அதுவும் உண்மை.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2020-ல், கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. வருஷக் கணக்கு சரியா வந்தா போதாது, 2030-க்குள்ள ஒவ்வொரு மணி நேரமும் கார்பன் இல்லாத மின்சாரத்துல ஓடணும்னு. உலகமே பாராட்டிச்சு. அண்ணா சாலையில இருக்கிற நம்ம மின்வாரிய ஆபீஸ்ல அதைப் படிச்ச யாராவது சிரிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இப்போ தமிழ்நாட்டுல காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. ஆனா காத்து மிக நல்லா வீசற முப்பந்தல் நிலத்துல நிக்கிறது பெரும்பாலும் தொண்ணூறுகளோட குட்டி மெஷின்கள். 2024-ல் அதையெல்லாம் மாத்திப் பெரிசா போடறதுக்கு மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. பழைய மெஷினோட சொந்தக்காரங்க எழுப்பின முக்கியமான கேள்விகள்ல ஒண்ணு என்னன்னு யூகிச்சிருப்பீங்க: புது மெஷினுக்கு அந்தப் பழைய பாஸ்புக் செல்லுமா?