ராணி தலை போட்ட நோட்டு

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் இரண்டு இருந்தன. டெல்லிக்கு மாற்றலாகி வந்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதே ராணியின் முகம் நோட்டிலும் வந்தது, ஆனால் சில வருடங்களிலேயே காணாமல் போனது என்பது பேங்கில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

1861-இல் பேப்பர் கரன்சி சட்டம் வந்தது. அதுவரை பிரசிடென்சி பேங்குகளும் தனியார் பேங்குகளும் ஆளுக்கொரு நோட்டு அடித்தார்கள். இனி சர்க்கார் மட்டும்தான் என்று ஆனது. இதற்கு அடிபோட்ட ஜேம்ஸ் வில்சன் (எகனாமிஸ்ட் பத்திரிகையை ஆரம்பித்தவர்) அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1860-லேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார், பாவம்.

முதல் நோட்டுகள் 10, 20, 50, 100, 1000 ரூபாய். ஒரு பக்கம்தான் அச்சு. கையால் செய்த காகிதம், வாட்டர்மார்க், மூலையில் கோடு கோடாகச் செதுக்கிய ராணியின் முகம்.

நோட்டில் ஏன் முகம்? பூவிலோ கொடியிலோ ஒரு கோடு பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த முகத்தில் உதடு கொஞ்சம் கோணினாலும் உறுத்தும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டைப் புரட்டும்போது காந்தி முகம் சரியில்லை என்றால் விரல் தானாக நிற்கும்.

ராணி விஷயத்தில் இது பலிக்கவில்லை. கள்ள நோட்டு பெருகி, 1867-இல் அந்த வரிசையையே வாபஸ் வாங்கி, முகமில்லாத நோட்டு விட்டார்கள். என் ஊகம் இது: ராணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தஞ்சாவூர் நெல் வியாபாரிக்கு அவர் மூக்கு எப்படி இருக்கும் என்று என்ன தெரியும்? 1840-லிருந்தே காசில் தலை இருந்ததே என்பீர்கள். காசை முகம் பார்த்தா வாங்கினார்கள்? சுண்டிச் சத்தம் கேட்டுத்தானே!

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்துக் கவலை வேறு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ராணி படங்கள் பரவிய காலம் அது. 1596-இல் அவருடைய பிரிவி கவுன்சில், ராணியை அலங்கோலமாகக் காட்டும் படங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது.

இங்கே ஐம்பது வருடம் சர்க்கார் நோட்டில் யார் தலையும் இல்லை. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் வந்தார், அதுவும் எப்படி? வெள்ளிக் காசின் படமாக! ராஜா முகம் வாடிக்கையாக வர ஆரம்பித்தது 1923-இல், பத்து ரூபாய் நோட்டில்.

பாட்டியின் காசை என் பையன் அவ்வப்போது தரையில் சுண்டுகிறான். கீழ்வீட்டு ஆன்ட்டி அதற்கு ஒருமுறை மாடியேறி வந்துவிட்டார்.