மூளைத் தண்டுவடச் சிரைக் குறைபாடு

மூளைத் தண்டுவடச் சிரைக் குறைபாடு என்பது, தண்டுவட மரப்பு நோய்க்குச் சிரைச் சுருக்கமே காரணம் எனக் கூறிய ஒரு மருத்துவக் கருதுகோள் ஆகும். இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குருதிக்குழாய் அறுவை மருத்துவர் பாவுலோ சம்போனி 2009 ஆம் ஆண்டில் இதனை முன்வைத்தார். அவரது மனைவியும் இந்நோயால் பாதிக்கப்பட்டவர்.

கழுத்துச் சிரைகளும் நெஞ்சிலுள்ள அசைகோசுச் சிரையும் சுருங்குவதால் மூளையிலிருந்து குருதி வடிவது தடைப்படுகிறது, அதனால் இரும்பு படிந்து அழற்சி உண்டாகிறது என்பது அவர் கருத்து. சிறு பலூனைச் செலுத்திச் சிரையை விரிக்கும் சிகிச்சையை 65 நோயாளிகளுக்கு அளித்து, பயன் கண்டதாக அறிவித்தார். இதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தானாகவே கூடியும் குறைந்தும் வரும் நோயில் இது பெருங்குறையாகும். எனினும் கனடா நோயாளிகள் பலர் சொந்தச் செலவில் போலந்து, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்று இச்சிகிச்சையைப் பெற்றனர். இதனால் இறப்பும் பக்கவாதமும் நேர்ந்துள்ளதாக 2012 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

2013 இல் வெளியான கனடிய ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட சிரைச் சுருக்கம் நோயாளிகளில் 74%, நோயற்ற உடன்பிறப்புகளில் 66%, தொடர்பற்ற பிறரில் 70% எனக் காணப்பட்டது. அதாவது, சுருக்கம் நோயில்லாதோருக்கும் ஏறத்தாழ அதே அளவில் உள்ளது.

பின்னர் சம்போனியே தலைமையேற்று, போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு ஓர் ஆய்வை நடத்தினார். இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என 2017 இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரை முடிவு செய்தது.