பிரித்துக் கொடு, சேர்த்து வாங்கு

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி, "இருபது கணினிகள், இரண்டு மணி நேரம்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். முறை வந்ததும் ஒரு கணினி மேஸ்திரியாகிறது, மற்றவை வேலையாட்கள். மலைபோல் குவிந்த தரவைப் பங்குபோட்டு முடித்ததும் இருபதும் அடுத்தவர் கைக்குப் போகின்றன, முகூர்த்தம் முடிந்த கல்யாண மண்டபம்போல. இந்த ஏற்பாட்டின் மூதாதையரைத் தேடினால் பாரிஸ் நகரத்துச் சிகையலங்காரக்காரர்களிடம் போய் நிற்போம்!

1790-களில் பிரெஞ்சு அரசுக்காக மடக்கை அட்டவணைகள் தயாரிக்கும் பொறுப்பு பொறியாளர் காஸ்பார் தெ புரோனியிடம் வந்தது. ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் முடியாத வேலை. குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளுக்கு 48,000 ஊசிகள் செய்வதை ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியிருந்தார். எண்களையும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? மேலே சில கணித அறிஞர்கள் சூத்திரம் வகுத்தார்கள். கீழே இருந்த பெருங்கூட்டத்துக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே வேலை. பிரபுக்களின் பொய்முடி மோகம் புரட்சியோடு ஒழிய, பிழைப்பிழந்த சிகைக் கலைஞர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள் என்பார்கள். அந்தக் கடைசி அடுக்கின் வேலையை இயந்திரத்திடம் விடலாம் என்பதை 1832-இல் சார்லஸ் பாபேஜ் எழுதி வைத்தார்.

பிறகு அமெரிக்கா. 1958-இல் லிஸ்ப் என்னும் கணினி மொழியை உருவாக்கத் தொடங்கிய ஜான் மெக்கார்த்திதான், தொலைபேசி போலக் கணிப்புத் திறனும் ஒருநாள் பொதுச்சேவையாகலாம் என்று 1961-இல் சொன்னார். கணினியைப் பலர் பகிர்வது, வேலையைப் பலவாகப் பங்கிடுவது இரண்டுக்கும் விதை ஒரே கையில் இருந்தது; லிஸ்பின் பங்கு பின்னால் வரும்.

1994-இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் கடையில் கிடைக்கும் வகைக் கணினிகள் பதினாறை ஈதர்நெட்டால் இணைத்து, 'பியோவுல்ஃப்' என்னும் க்ளஸ்டரை, அதாவது ஒன்றாக உழைக்கும் கணினிக் கூட்டத்தை, உருவாக்கினார்கள். சூப்பர் கணினி வாங்க வசதியற்ற ஆய்வகங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கட்டிக்கொண்டன.

2004-இல் கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 'மேப்ரெட்யூஸ்' முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். லிஸ்ப் போன்ற மொழிகளிலிருந்து பிறந்த யோசனை அது. வாக்கு எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மேசையும் தன் பங்கை எண்ணும், பின்பு வேட்பாளர்வாரியாகக் கூட்டப்படும். ஒரு மேசை முடங்கினால் அதன் கட்டு வேறு மேசைக்குப் போகும். அவ்வளவுதான்.

கூகுள் முறையைச் சொன்னதே தவிர நிரலைத் தரவில்லை. கட்டுரையைப் படித்த டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் தாங்களே எழுதிவிட்டார்கள். கட்டிங் மகனின் மஞ்சள் யானைப் பொம்மையின் பெயரான 'ஹடூப்' அதற்குச் சூட்டப்பட்டது. கட்டிங் 2006-இல் யாஹூவில் சேர்ந்தார். பொது க்ளஸ்டரில் தேவைக்கேற்பத் தற்காலிக ஹடூப் எழுப்பும் 'ஹடூப் ஆன் டிமாண்ட்' கருவியும் வந்தது. 2007-இல் நியூயார்க் டைம்ஸ் அமேசானிடம் நூறு கணினிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றில் ஹடூப்பை ஓட்டி, ஒரு கோடியே பத்து லட்சம் பழைய கட்டுரைகளை ஒரே நாளில் பி.டி.எஃப். கோப்புகளாக்கியது.

ஹடூப் ஒவ்வொரு கட்டத்திலும் வட்டில் எழுதி எழுதி நேரத்தைத் தின்றது. 2009-இல் பெர்க்லி மாணவர் மத்தேய் ஸஹாரியா, இடைநிலை விடைகளை நினைவகத்திலேயே வைத்திருக்கும் 'ஸ்பார்க்'கைத் தொடங்கினார். தொடக்கத்தில் பார்த்த ஆராய்ச்சி மாணவி இயக்குவது அதைத்தான்.

யோசனையை மூடி வைக்காமல் எழுதி வெளியிட்டவர்களும், அதைக் கூச்சமின்றிப் பின்பற்றியவர்களுமே இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். ஸ்பார்க் இன்றும் இலவசம். உங்கள் கல்லூரியில் க்ளஸ்டர் இருந்தால், தயங்காமல் ஒரு கணக்குக் கேட்டு வாங்குங்கள்.