நிறம் பார்த்த படையும் ஒரு செவிலியரின் கேள்வியும்

தீண்டாமையை அறிந்த நாம், மேபல் ஸ்டாப்பர்ஸையும் அறிந்திருக்க வேண்டும். 1908இல் உருவான அமெரிக்கக் கறுப்பினச் செவிலியர் சங்கத்தின் செயலாளர் அவர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அமெரிக்கத் தரைப்படை 56 கறுப்பினச் செவிலியருக்கு மட்டுமே இடமளித்தது. பின்னர் எண்ணிக்கை சற்றுக் கூடியபோதும் பாகுபாடு தீரவில்லை. சிலரை ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கவனிக்க அனுப்பினார்கள்.

1945 ஜனவரியில், காயம்பட்ட வீரர்களுக்குச் செவிலியர் போதவில்லை, கட்டாயமாக ஆளெடுக்க நேரலாம் என்றார் படையின் தலைமை மருத்துவர். ஸ்டாப்பர்ஸ் எழுந்தார். அப்படியானால் காத்திருக்கும் கறுப்பினச் செவிலியரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார். கண்டனத் தந்திகள் குவிந்தன. அம்மாதமே வரம்பு நீங்கியது.

செவிலியரை வாசலில் நிறுத்திய நிறவெறி, உள்ளே கிடந்த நோயாளியையும் கைவிட்டது. இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டார் அவர். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.