தொழிலாளி வீடும் நிற்கிறது



அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிளெயின்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பழைய நிலக்கடலைப் பண்ணையைக் காண மக்கள் வருகின்றனர். 1977 முதல் 1981 வரை அந்நாட்டின் அதிபராயிருந்த ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த பண்ணை அது.

1928-இல் அவர் குடும்பம் அங்கே குடியேறியபோது வீட்டில் மின்விளக்கும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. மின்சாரம் வந்தது 1938-இல்தான். வீட்டை அடுத்து அவர் தந்தையின் கடை. பண்ணையாட்கள் பற்றுக்குச் சாமான் வாங்கிய கடை.

சற்றுத் தள்ளி ஒரு சிறிய வீடு. அதில் வாழ்ந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளிகளான ஜாக் கிளார்க்கும் அவர் மனைவி ரேச்சலும். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பண்ணை மணியை அடித்து எல்லாரையும் எழுப்பியவர் ஜாக். சிறுவன் ஜிம்மிக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ரேச்சல்.

ஜிம்மியின் விளையாட்டுத் தோழர்களும் கறுப்பினப் பிள்ளைகளே. ஆனால் அவர் படித்த பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை; அது வெள்ளையருக்கு மட்டும். 1971-இல் மாநில ஆளுநராகப் பதவியேற்ற அன்றே, இனவேற்றுமையின் காலம் முடிந்துவிட்டது என்று கார்ட்டர் அறிவித்தார்.

கார்ட்டர் 2024-இல், நூறு வயதில் மறைந்தார். முதலாளி வீட்டை மட்டும் காத்திருந்தால் பாதி வரலாறுதான் மிஞ்சியிருக்கும். மணியடித்தவர் வீடும் நிற்பதால், அங்கே செல்லும் பிள்ளைகள் மீதியையும் கேட்டறிகிறார்கள்.