ஷல்லும் வில்லும் வந்த வழி

தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’. உறுதியாகச் சொல்வதானால் அப்படியே தலைகீழ். ரென் அண்ட் மார்ட்டினைக் கையில் வைத்துக்கொண்டு இதை உருப்போடாதவர் நம்மில் யார்? மாற்றிப் போட்டால் மார்க் போச்சு! ஆனால் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

‘வருவேன்’ என்று நாம் சொன்னால் எதிர்காலம் வினைக்குள்ளேயே இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டே உருவம்தான்; நாளைக்கு நடப்பதையும் நிகழ்காலத்தாலேயே சொல்லிச் சமாளித்தார்கள். அப்போது ‘வில்’ என்றால் விரும்புகிறேன். ‘ஷல்’ என்றால் கடன்பட்டிருக்கிறேன். இவற்றோடு இன்ஃபினிடிவைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லியே எதிர்காலம் பிறந்தது.

அந்த இன்ஃபினிடிவ் கதையும் சுவையானது. நம் ‘பாட’ போல அவர்களுக்கு ‘சிங்கன்’. ‘பாடுவதற்கு’ என்பது போல ‘டு சிங்கென்னெ’ என்று இன்னொரு வடிவம். 1500 வாக்கில் விகுதிகள் தேய்ந்து போய், ‘டு’ மட்டும் அடையாளமாக நின்றது. வில், ஷல், கேன் போன்றவை பழைய ‘பாட’ வடிவத்தையே பிடித்துக்கொண்டன. அதனால்தான் ‘ஐ வில் டு கோ’ என்று யாரும் சொல்வதில்லை.

விதியை எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்குப் படுத்த எட்டு போல ஒரு குறியை 1655-இல் அச்சில் தந்தவரும் இவரே! 1653-இல் அவர் எழுதிய ஆங்கில இலக்கணம் லத்தீன் மொழியில் இருந்தது. அதற்குப் பின் வந்த இலக்கண நூல்கள் விதியை இறுக்கிக்கொண்டே போயின.

ஒரு பழைய வேடிக்கைக் கதை. தண்ணீரில் விழுந்த அயர்லாந்துக்காரர், “ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ!” என்று அலறினாராம். ‘சாகத்தான் போறேன், யாரும் காப்பாத்தக் கூடாது’ என்று விதிப்படி பொருள் கொண்டு, கரையிலிருந்த இங்கிலாந்துக்காரர்கள் பேசாமல் நின்றார்களாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா எங்கும் அந்த விதி மக்கள் வாயில் ஒட்டவே இல்லை. 1925-இல் சார்லஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க அறிஞர் நாடகங்களை எடுத்துவைத்து எண்ணியே பார்த்துவிட்டார். தன்மையிலும் ‘வில்’தான் அதிகம்!

இன்றைய மாணவர்கள் ‘ஐ வில்’ என்று எழுதினால் யாரும் சுழிப்பதில்லை. ‘ஷல்’ அடியோடு போய்விடவும் இல்லை. “ஷல் வீ கோ?” என்று இன்னும் கேட்கிறோம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ‘தி டெனன்ட் ஷல் பே’ என்று இருக்கும். அங்கே அது எதிர்காலமே அல்ல, பழைய கடன்தான்.